கறிவேப்பிலை எடையில் ஒரு விமானம்

அக்காவோடு கடைக்குப் போவதென்றால் கையில் டிபன் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எங்கள் குடியிருப்பில் சொல்வார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. கிழக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அவர் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கி முடிப்பதற்குள் நான் கூடுவாஞ்சேரி போய்த் திரும்பிவிடலாம். ஒவ்வொரு காயாக எடுத்து நுனியை ஒடிப்பார். ஒடிந்தால் பைக்கு, வளைந்தால் கூடைக்கே திரும்பவும். காய்க்கார அம்மா திட்டித் திட்டி ஓய்ந்து, கடைசியில் அக்கா வந்தால் உட்கார ஒரு முக்காலி போட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. எதிர் வீடு. படிக்கட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நான் அவருக்கு நேர் எதிர் ரகம். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தினமும் ரயிலைப் பிடிக்க ஓடி ஓடி அவசரமே சுபாவமாகிவிட்டது. கடைக்குள் போனால் கண்ணில் முதலில் படுவதை எடுத்துக்கொண்டு பில் போடுகிற இடத்துக்கு நடந்துவிடுவேன். அக்கா எனக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன் என்பதும் என்மேல் அவருக்கு இருந்த குறைகளில் ஒன்று.

எதையும் தன் உடம்பில் வைத்துப் பார்க்காமல் அவர் வாங்கியதில்லை. மெத்தைக் கடையில் மற்றவர்கள் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, புடவையை இழுத்து மூடிக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்துவிட்டார். கடைப்பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வேறு யாரோடோ வந்தவள்போல் தலையணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால் அதோடு சரி. அதைவிட இது நன்றாக இருந்திருக்குமோ என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவருடைய கணவரை நான் அண்ணன் என்பேன். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போவார்கள். இவர்கள் இரண்டு பேரும் காரில் வண்டலூரைத் தாண்டிப் போவார்கள். அந்தப் பக்கம் கல் நட்டு விட்ட வெற்று மனைகள் நிறைய. அண்ணன் அங்கே ரிமோட்டில் ஓட்டுகிற விமானங்களைப் பறக்கவிடுவார். கார் டிக்கியில் அடங்காமல் இறக்கையைக் கழற்றி எடுத்துப் போகிற அளவுக்குப் பெரிய விமானங்கள். அக்கா பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு குடை பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, சும்மா துணைக்கு என்பார். மனைகளில் வீடுகள் வர வர, அவர்கள் கூடுவாஞ்சேரிக்கும் அப்பால் தள்ளித் தள்ளிப் போனார்கள்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் குழறி, ஒவ்வொரு சொல்லாக, நடுவில் பெரிய இடைவெளி விட்டு. பெங்களூரில் இருக்கும் மகன் வந்து விமானங்களையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனான். சோஃபாவும் சாப்பாட்டு மேசையும் வெளியே போய், ஹால் சக்கர நாற்காலிக்காகக் காலியாயிற்று.

அந்தச் சக்கர நாற்காலி வாங்கியதும் ஒரு கதை. அக்கா தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னைத் தள்ளச் சொன்னார். கடைக்குள் மட்டுமில்லை, வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கு நடுவில். ஒரு பெரியவர் அவசரமாக வழிவிட்டு, பாவம் என்று முணுமுணுத்தார். அக்கா இறங்கி, நன்றாக நடந்து கடைக்குள் போய், இது வேண்டாம் என்றார். பின்னால் யார் தள்ளுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லையாம். மூன்றாவதாக உட்கார்ந்த நாற்காலியைத்தான் எடுத்தார்.

ஆனால் அக்காவை வாட்டியது நாற்காலியோ மருந்தோ இல்லை. அண்ணன் எதையும் வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இட்லியா தோசையா என்றால், "ஏதோ... ஒண்ணு." ஜன்னல் பக்கமா டிவி பக்கமா என்றால் அதற்கும் அதேதான். ஒரு நாள் அக்கா என் அடுக்களைக்கு வந்து, மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்.

"சண்டை போட்டாக்கூடப் பரவால்லம்மா. நேத்து வேணும்னே உப்பு போடாம சாம்பார் வெச்சேன். ஒரு வார்த்தை சொல்லல. சாப்பிட்டுட்டு கையை நீட்டறாரு, கழுவிவிடச் சொல்லி."

சொல்லிவிட்டு அழுதார். அக்கா அழுது நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்த்து எடுக்கிறவருக்கு, பக்கத்தில் ஒரு மனுஷர் எதையுமே எடுக்காமல் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் புரிந்தது.

விமானம் வாங்கலாம் என்று அவர் சொன்னபோது மொட்டை மாடியில் விடுவதற்கு என்றுதான் நினைத்தேன். அதற்கு வழியில்லை. விமானப்படை ஓடுதளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. திறந்த வெளியில் எதையாவது ஏற்றினால் போலீஸ் வரும். மாடிப்படி ஏற அண்ணனாலும் முடியாது. வீட்டு ஹாலுக்குள்ளேயே பறக்கிற விமானம் வேண்டும் என்றார் அக்கா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கீழ்க்கட்டளையில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் அந்த மாதிரிச் சாமான்கள் விற்கிறார்கள். கடைக்காரர் தாடி வைத்த இளைஞர். எங்களைப் பார்த்ததும் பேரனுக்கு வாங்க வந்தவர்கள் என்று முடிவு கட்டி, அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு விமானத்தை எடுத்து வைத்தார்.

"யக்கா, இத்தப் பாரு. செம ஸ்பீடு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அந்தாண்ட போயிடும்."

"எவ்ளோ மெதுவா போகும்னு சொல்லுப்பா" என்றார் அக்கா.

அப்படி யாரும் கடைக்காரரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்தது வெண்டைக்காய் வியாபாரம்தான். ஒவ்வொன்றையும் அக்கா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கனமானது வேகமாகப் போனால்தான் கீழே விழாமல் இருக்கும், அதனால் கனமானதெல்லாம் ஒதுங்கின. மூக்கில் காத்தாடி சுற்றுகிற ரகம் ஒதுங்கியது. காத்தாடி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முட்டினாலும் யாரையும் வெட்டக் கூடாது. குட்டை இறக்கைக்காரர்களும் ஒதுங்கினார்கள். இறக்கை அகலமாக இருந்தால்தான் சாவகாசமாகத் திரும்பும் என்று அக்கா கடைக்காரருக்கே சொன்னார். சும்மா துணைக்கு நின்றவர்தான் இவர்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. வெள்ளையாய், மெல்லியதாய், உடம்பைவிட இறக்கை பெரிதாக. "தெர்மாகோல்தானே, உடைஞ்சிடாதா?" என்று நான் கேட்டேன். கடைக்காரர், இது வேற ஃபோம், உடையாது, வளையும் என்றார். அக்கா இறக்கையின் நுனியைப் பிடித்து மெதுவாக வளைத்துப் பார்த்தார். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. வாழ்நாளெல்லாம் வளைந்ததை ஒதுக்கியவர் அன்றைக்கு வளைந்ததை எடுத்தார். கையில் ஏந்திப் பார்த்து, "ஒரு கொத்து கறிவேப்பிலை எடைகூட இல்ல" என்றார்.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். அக்கா எழவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடையின் அந்தக் கோடியில் சுவரை ஒட்டி உட்கார்ந்தார்.

"இப்போ என் மூஞ்சியைப் பார்த்து விடுப்பா."

"இன்னாக்கா, பேஜாரா கீது" என்றார் கடைக்காரர். கண்ணாடி போட்டிருக்கிற ஆள், கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது என்று என்னைப் பார்த்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தில் இனிப் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. விமானம் கடையின் குறுக்கே மிதந்து வந்து, அவர் கன்னத்தில் இடித்து, மடியில் விழுந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் வேகமாக என்றார். இரண்டாவது தடவை மூக்கில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் தலையை அசைக்கவே இல்லை.

"எனக்கு வலிக்கலன்னா அவருக்கும் வலிக்காது. அவரால சட்டுனு தலையைத் திருப்ப முடியாதுப்பா."

யாருக்காக வாங்குகிறோம் என்று கடைக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு செம ஸ்பீடு பேச்செல்லாம் இல்லை. இடது கை மட்டும்தான் வேலை செய்யும் என்று கேட்டதும் ரிமோட்டைத் திறந்து, திருப்புகிற குச்சியை இடது பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஆனால் ஒற்றைக் கையால் முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இடது குச்சி திருப்புவதற்கு. வலது குச்சி வேகத்தைக் கூட்டிக் குறைக்க. அதற்கு இன்னொரு கை வேண்டும்.

"அதுக்கு நான் இருக்கேன்" என்றார் அக்கா.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும், வாங்க என்று வாய் சொல்லும்போதே கை ஃபேன் சுவிட்சுக்குப் போய்விடும். தண்ணீர்கூட அப்புறம்தான். அக்கா அதில் இன்னும் ஒரு படி மேல். ஓடுகிற ஃபேனையும் ஒரு புள்ளி கூட்டி வைப்பார். இந்த விமானம் பறக்க வேண்டுமென்றால் அந்த ஃபேன் ஓடக் கூடாது. முதல் புள்ளிக் காற்றுக்கே அது சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அண்ணன் தொடவே இல்லை. பொம்மை என்று ஒரே சொல். அக்கா வற்புறுத்தவில்லை. ரிமோட்டை அவர் மடியில் வைத்து, தான் வலது பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வேகத்தை மட்டும் கூட்டினார். திருப்ப ஆளில்லாமல் விமானம் நேராகப் போய் ஜன்னல் திரையில் விழுந்தது. எடுத்து வந்து மறுபடியும் விட்டார். மறுபடியும் திரை. பல தடவை அப்படி விழுந்த பிறகு, அண்ணனின் இடது கட்டைவிரல் தானாகவே நகர்ந்தது. விமானம் திரைக்கு முன்னால் திரும்பியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்டர் வந்தது அதற்கு அடுத்த வாரம். ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கதவு திறந்திருந்தது. விமானம் நின்றுபோன ஃபேனுக்குக் கீழே அழகாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்து மனிதர் உள்ளே வந்தாரோ இல்லையோ, "வாங்க பாஸ்டர், உட்காருங்க" என்று அக்கா குச்சியை விட்டுவிட்டு எழுந்து ஃபேனைப் போட்டார். போட்டதோடு நிற்காமல் வழக்கம்போலக் கடைசிப் புள்ளி வரை திருப்பினார்.

காற்று விமானத்தை ஒரு சுழற்றுச் சுழற்றி மேலே இழுத்தது. ஃபேன் அதை மூன்று துண்டாக்கி ஹால் முழுக்க எறிந்தது. ஒரு இறக்கை பாஸ்டர் கையிலிருந்த வேதாகமத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அக்கா சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் சிலைபோல் நின்றார். அப்போது ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. சிரித்து முடித்து, "ஒட்டலாம்" என்றார். அன்றைக்கு பாஸ்டர் செய்த ஜெபம் யார் காதிலும் விழுந்திருக்காது.

ஒட்டினார்கள். மறுநாள் காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"குறை சொல்றாரும்மா. இடது பக்கம் கனம், பசையை அள்ளிப் பூசிட்டேன்னு திட்டறாரு."

அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய பெண்ணை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் ரயில் போய்விட்டது.

அடுத்த விமானத்தை அக்கா எடுக்கவில்லை. செல்போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டு போனார், அண்ணன் இடது கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றார். மூக்கு நீளம், வால் சின்னது, இறக்கை மடிப்பு சரியில்லை. முடிகிற வழியாக இல்லை. அக்கா பொறுமை இழந்து, "ஏதோ ஒண்ணு எடுங்களேன்" என்று சொல்லி, சொன்னது தான்தான் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சாவகாசமாகவே எடுத்தார். நல்ல விமானம் அது. இன்னும் பறக்கிறது.

சாயங்காலம் நான் ரயில் இறங்கி வரும்போது எதிர் வீட்டில் ஃபேன் நின்றிருக்கும். சித்திரை வெயில் இறங்காத ஹாலில் இரண்டு பேரும் ஒரே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருப்பார்கள். இடது பக்கம் அண்ணன் கை, வலது பக்கம் அக்கா கை. ஏத்து என்று அவர் சொல்லி முடிக்கிற வரை அக்காவின் விரல் அசையாது. மருமகள்போல் அடக்கமாக அந்த விமானம் ஹாலைச் சுற்றிவரும்.

அக்கா மெலிந்ததை நான் முதலில் வெயில் என்று நினைத்தேன். வயிற்றில் கட்டி, முற்றியிருந்தது. அண்ணனுக்கு முன்னால் அக்கா போவார் என்று நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கை வலிக்கிறது என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். கை வலிக்கிறது, கொஞ்ச நேரம் நீங்கள் பிடியுங்கள் என்று வருகிறவர்களையெல்லாம் அந்த முக்காலியில் உட்காரவைத்தார்.

கீழ்வீட்டு சார் உட்கார்ந்தார். அவர் அண்ணனுக்கே ஓட்டக் கற்றுத் தருகிறார் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண், ஆனால் அவர் சொல்ல வருவதை இவளே சொல்லி முடித்துவிடுகிறாள் என்றார். பெங்களூரிலிருந்து வந்த மகனையும் விடவில்லை. விமானம் விழுந்தால் அப்பாவே விழுந்துவிட்டதுபோல் பதறி ஓடுகிறானாம். உடம்பு இந்த நிலையில் இருக்கும்போதும் இந்த மனுஷிக்குக் குறை கண்டுபிடிக்கிற புத்தி போகவில்லையே என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

என்னையும் உட்காரவைத்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஏதாவது செய்து உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில், அண்ணன் சொல்லாமல் குச்சியைத் தொட மாட்டேன். அவருக்குச் சொல் வர நேரமாகும். வருகிற வரை அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் எதற்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை. அக்கா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவசரக்குடுக்கை என்பார், அதுதானே.

அக்கா இறந்த அன்றைக்குச் சவப்பெட்டியை மகன் முதல் கடையிலேயே, முதலில் காட்டியதையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பாவம், அவனுக்கு அப்போது என்ன தெரியும். அக்காவாக இருந்தால் உள்ளே படுத்துப் பார்க்காமல் எடுத்திருக்க மாட்டார் என்று தோன்றியது. அழுதுகொண்டிருந்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று.

மகனும் மருமகளும் வேலையை மாற்றிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார்கள். நான் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை. திறந்திருக்கும் கதவு வழியே பார்ப்பேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளே போனேன்.

"வாங்க ஆன்ட்டி, உட்காருங்க" என்று மருமகள் எழுந்து ஃபேனைக் கூட்டினாள். அண்ணன் இடது கையைத் தூக்கினார். அவள் இன்னும் ஒரு புள்ளி கூட்டினாள். அவர் தலையை ஆட்டினார். மகன் ஓடிவந்து, தண்ணியாப்பா, பாத்ரூமா, படுக்கணுமா என்று வரிசையாகக் கேட்டான். நான் ஒன்றும் கேட்காமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஃபேனை... நிறுத்து" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. விருந்தாளி வந்திருக்கும்போது யாராவது ஃபேனை நிறுத்துவார்களா? அவர் என்னைப் பார்த்தார். அடுத்த சொற்கள் வர இன்னும் நேரமாயிற்று.

"அவ... எல்லாரையும்... உட்காரவெச்சுப் பார்த்தா. கடைசில... உன்னைத்தாம்மா... எடுத்தா."

நான் போய் ஃபேனை நிறுத்தினேன். அலமாரிமேல் விமானம் இருந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. மகன் ரிமோட்டை அவர் மடியில் வைத்தான். வலது பக்கம் அந்த முக்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. அதில் உட்கார்ந்து குச்சியைப் பிடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கையை எடுக்கவில்லை. அண்ணன், "ஏ..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல் முழுதாக வருகிற வரை நான் காத்திருந்தேன்.